பாஸ்வேர்டு அக்கா வெளியே நின்ற காலை

எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அவர் பாஸ்வேர்டு அக்காதான். "அக்கா, உள்ளே விட மாட்டேங்குது" என்று ஒரு குரல் கேட்டால் போதும், கையிலிருக்கும் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார். திரும்பி வருவதற்குள் டீயில் ஆடை படிந்திருக்கும். அதை நின்றபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு அடுத்த குரலுக்குக் காதைத் தீட்டிக்கொள்வார். அவர் உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததே இல்லை.

அவர் என் அண்ணனின் மனைவி. பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது, படிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அண்ணிக்கும் ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இப்படி நடந்தா தரை தேஞ்சிடும். இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போ" என்று அம்மா அண்ணியிடம் சலித்துக்கொண்டாள். பரிசோதனைக் கூடத்தின் முன் கவுன்டரில் ஆள் தேவைப்பட்டது. அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணி அங்கே வேலைக்குச் சேர்ந்தது டைப் அடிக்கத்தான். வணிகவியல் படித்தவர், கணினியின் உட்புறம் பற்றி ஒன்றும் தெரியாது. எல்லாக் கணினிகளிலும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை ஏற்றி, நடுவில் ஒரு சர்வரை வைத்து, எல்லோரையும் அதில் இணைத்தவர் வேறொருவர். அவருக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று டீக்கடை வாசலில் நின்று, "இதை யாராவது பாத்துக்கணுமே" என்றாராம். "அன்னைக்குக் கையில வேலை இல்லாம நின்னது நான் ஒருத்திதான்" என்பார் அண்ணி.

அதன் பிறகுதான் அவர் படித்தார். அண்ணன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். எங்கேயோ ஒரு பழைய கணினியை வாங்கி வந்து போட்டான். அண்ணி அதில் லினக்ஸை ஏற்றி வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் கணக்கு திறந்தார். அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, மாடிப்படியில் தூங்கும் பூனைக்கும் ஒன்று. பூனையின் கணக்கில்தான் எல்லாச் சோதனையும் நடக்கும். அதைப் பூட்டுவார், திறப்பார், அதன் பாஸ்வேர்டைக் காலாவதியாக்குவார், ஒரு குழுவிலிருந்து எடுத்து இன்னொன்றில் போடுவார். பூனை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொன்னவன் அண்ணன்தான். சண்டை போட்ட மறுநாள் அவன் கணக்கு பூட்டியிருக்கும்.

"ஏய், என்னைத் தெரியாதுங்குது இது."

"எனக்கும்தான் நேத்துலேர்ந்து உங்களைத் தெரியல."

"மேட்ச் ஆரம்பிச்சிடுச்சும்மா, திற."

"கேட்கற விதத்துல கேட்டா திறக்கும்."

அவன் கேட்கிற விதத்தில் கேட்பான். அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

பரிசோதனைக் கூடத்தில் அண்ணியின் அறை ஒரு காலத்தில் குளியலறையாக இருந்தது. சுவரில் பாதி உயரத்துக்கு இன்னும் வெள்ளை ஓடு பதித்திருக்கிறது. குழாய் இருந்த ஓட்டையைச் சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்கள். சர்வர் அந்த அறையின் மூலையில் ஓயாமல் உறுமிக்கொண்டிருக்கும். அறைக்கு எப்போதும் பூட்டு.

அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி பாஸ்வேர்டு. அதோடு ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள். கவுன்டர் குழுவில் இருக்கும் நான் நோயாளியின் பெயரையும் வயதையும் பதியலாம். ரத்தத்தில் என்ன இருந்தது என்று எழுத முடியாது. அதை எழுதுகிறவர்கள் மாடியில் இருக்கும் இயந்திரக் குழு. அவர்கள் எழுதியதைப் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு ரிப்போர்ட்டை வெளியே விடுவது கையெழுத்துக் குழு. அதில் டாக்டரம்மா ஒருவர்தான். இந்தக் கணக்குகளைத் திறக்கவும் மூடவும் மாற்றவும் கூடியது நிர்வாகிக் குழு. அதில் அண்ணி ஒருவர்தான்.

ஆளுக்கொரு பெயர் என்பதைப் பிடித்து நிறுத்த அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ரத்தம் எடுக்கும் அண்ணனைக் கொசு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. அவர் கேட்டது இது:

"எதுக்குக்கா தனித்தனியா? எல்லாரும் ஒரே பேர்ல உள்ளே போவோமே, சினிமாவுக்குப் போற மாதிரி."

"சினிமாவுக்குப் போனாலும் ஆளுக்கொரு சீட்டுதான் தம்பி. உன் மடியிலயா எல்லாரும் உக்காருவாங்க?"

மேனேஜர் வேறு மாதிரி. முதல் முறை கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு அடித்தபோது ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை என்று கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். பக்கத்தில் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்றுகூடத் தெரியக் கூடாது, அதனால் அது காட்டாது என்று அண்ணி விளக்கினார். அடுத்த வாரமே மேனேஜர் தன் பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நின்றார். "உங்களுக்குத் தெரியுமே, சொல்லுங்க" என்றார். "எனக்கும் தெரியாது சார். அது அரைச்ச மாவு மாதிரி உள்ளே இருக்கு. மாவுலேர்ந்து திரும்ப அரிசி எடுக்க முடியாது. புதுசுதான் வைக்கணும்" என்றார் அண்ணி. மேனேஜர் அதை நம்பவே இல்லை. அண்ணி வேண்டுமென்றே மறைக்கிறார் என்று கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த மேனேஜர்தான் ஒரு மாலை அண்ணியைக் கூப்பிட்டு, கணினி வேலை முழுவதையும் ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுக்கலாம் என்று யோசிப்பதாகச் சொன்னார். அவர்களுடைய ஆள் வந்து எல்லாவற்றையும் பார்ப்பார். "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. கவுன்டருக்கு வந்துடலாம். ஒரே இடத்துல நிம்மதியா உக்காந்து பாக்கற வேலை" என்றார்.

அண்ணி அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் நடந்தார். "உக்காந்து பாக்கற வேலையாம்" என்று சுவரிடம் சொன்னார். "உனக்குப் பதிலா நான் வேணா போய் உக்காரட்டுமா?" என்றான் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. டைப் அடிக்க வந்த பெண் தானாகக் கற்றுத் தனக்கென்று உண்டாக்கிக்கொண்ட ஒரே இடம் அந்தப் பழைய குளியலறை. அதைப் பறிகொடுக்க அவரால் முடியாது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

கம்பெனி ஆள் வருவதற்கு முந்தின நாள் அண்ணி வீட்டைப் பெருக்குவதுபோல் சர்வரைப் பெருக்கினார். வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை அவர் அழிப்பதில்லை; பூட்டி வைப்பார். அழித்தால் அந்தக் கணக்கின் எண் அடுத்து வரும் புது ஆளுக்குப் போய்விடலாம். பழையவர் செய்த வேலையெல்லாம் புதியவர் செய்ததுபோல் தெரியும். அந்தப் பூட்டுகளையெல்லாம் மறுபடி சரிபார்த்தார். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவுகளைப் பார்ப்பதற்கென்று புதிதாக ஒரு குழு உண்டாக்கி, அதில் தன்னைச் சேர்த்துக்கொண்டார். நான் வாசலில் பையுடன் நின்று, "அண்ணி, போலாமா? பஸ் போயிடும்" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். "இதோ, இதோ" என்றார். கொசு அண்ணனின் அறையில் பிரிண்டர் சரியில்லை என்று ஏற்கெனவே ஒருமுறை ஓடிப்போய் வந்திருந்தார். எல்லாம் வேலை செய்தது. கணக்கிலிருந்து வெளியேறி, அறையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, படியிறங்கிப் பின் மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கவுன்டருக்கு முன்னால் கூட்டம். காலையில் வருகிறவர்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு வருகிறவர்கள். பசியில் இருப்பவர்களுக்கு வரிசை எப்போதும் மெதுவாகத்தான் நகரும். மேனேஜர் வியர்வையோடு வந்தார். டாக்டரம்மாவின் மகளுக்கு எதிர்பார்த்த நாளுக்கு முன்பே பிரசவ வலி வந்துவிட்டதாம். டாக்டரம்மா ஊருக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பதிலாக ஒரு புது டாக்டர் வந்திருந்தார். சின்ன வயது, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"இவருக்கு ஒரு கணக்கு திறந்து கையெழுத்துக் குழுவில போட்டுடுங்க. மதியம் ஒரு ஆபரேஷன் கேஸ் இருக்கு, ரிப்போர்ட் அதுக்கு முன்னாடி போகணும்" என்றார் மேனேஜர்.

"ஒரு நிமிஷம் சார்" என்று அண்ணி போனார். அது அவருக்கு உண்மையிலேயே ஒரு நிமிட வேலைதான். ஆனால் திரும்பி வரவில்லை. ஒரு நோயாளியின் பெயரைச் சரிபார்க்க நான் உள்ளே போனபோது, அண்ணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தே ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி. நீங்கள் நிர்வாகிகளில் ஒருவர் அல்ல, இந்தச் சம்பவம் புகாராகத் தெரிவிக்கப்படும் என்பது அதன் பொருள்.

"யார்கிட்ட அண்ணி புகார் போகும்?"

"என்கிட்டதான்" என்றார். சிரிக்கப் போவதுபோல் உதடு கோணியது, ஆனால் சிரிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒருவரைப் புதுக் குழுவில் சேர்க்கும்போது, 'ஏற்கெனவே இருக்கும் குழுக்களோடு சேர்த்து' என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், 'இனி இவருக்கு இந்தக் குழு மட்டும்தான்' என்று லினக்ஸ் எடுத்துக்கொள்ளும். மற்ற குழுக்களிலிருந்தெல்லாம் எடுத்துவிடும். பூனையை வைத்து எத்தனையோ தடவை பழகியது. நேற்று அவசரத்தில் தன் கணக்கிலேயே அதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். தானே தன்னை நிர்வாகிக் குழுவிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறார். அது அப்போது தெரியாது. உள்ளே நுழைந்தபோது என்ன உரிமை இருந்ததோ அது வெளியேறும் வரை கூடவே இருக்கும். வெளியே போய் மறுபடி நுழையும்போதுதான் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நிர்வாகி அவர் ஒருவர்தான் என்பதால் அவரைத் திரும்ப உள்ளே சேர்க்கவும் ஆளில்லை.

திடீரென்று எழுந்தார். "கொசு ரூம்!" என்றார். நேற்று பிரிண்டரைப் பார்க்கப் போனபோது அங்கேயிருந்தும் தன் பெயரில் நுழைந்திருந்தார்; அவசரக் குரல் கேட்டு அதை அப்படியே திறந்து விட்டுவிட்டு வந்திருந்தார். அது தவறு செய்வதற்கு முன்பு நுழைந்தது. கொசு அண்ணன் தன் கணினியை ஒருநாளும் அணைப்பதில்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்காக அண்ணியிடம் அவர் வாங்காத திட்டு இல்லை. அந்தத் திரை இன்னும் திறந்திருந்தால், அதன் வழியாகத் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியவே தெரியாது.

அவர் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். கொசு அண்ணன் ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, கம்ப்யூட்டரை அணைச்சியா நேத்து?"

கொசு அண்ணன் முகம் மலர்ந்தது. "அணைச்சேன்க்கா! கம்பெனி ஆள் வர்றாரே, அக்கா மானம் போகக் கூடாதுன்னு முறைப்படி அணைச்சிட்டுப் போனேன். வாழ்க்கையிலயே முதல் தடவை."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்னக்கா? நல்லதுதானே செஞ்சேன்?"

"நல்லதுதான் தம்பி. ரொம்ப நல்லது."

"இந்தாப்பா, என் கையைக் கட்டிப் போட்டுட்டு அங்க என்ன பேச்சு?" என்றார் பெரியவர்.

இனி ஒரே வழிதான். சர்வரை நிறுத்தி, அது மறுபடி எழுந்திருக்கும்போதே நடுவில் மறித்து, பழுதுபார்க்கும் கதவு வழியாக நுழைய வேண்டும். சர்வருக்கு முன்னால் உட்கார முடிகிறவர் மட்டும்தான் அதைச் செய்ய முடியும். அந்த அறைக்குப் பூட்டு போட்டதே அதனால்தான். ஆனால் சர்வர் நின்றால் எல்லாம் நிற்கும். கவுன்டர், மாடி இயந்திரங்கள், ரிப்போர்ட் எல்லாம். கம்பெனி ஆள் வரும் நாளில், கூட்டம் நெரியும் காலையில்.

மேனேஜர் அதற்குள் தேடிக்கொண்டு வந்துவிட்டார். "கணக்கு திறந்தாச்சா?" என்றார். அண்ணி, "கொஞ்சம் சிக்கல் சார்" என்றதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதுக்குப் போய் ஏன் அலையறீங்க? டாக்டரம்மா பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவசரத்துக்குன்னு என்கிட்ட சொல்லி வச்சிருக்காங்க. அதைப் போட்டு இவரை உக்கார வைங்க. இன்னைக்கு ஒரு நாள்தானே. சாயங்காலமா மெதுவா மத்ததைப் பாத்துக்கலாம்."

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட்காமலே தப்பிக்க ஒரு வழி வந்து நின்றது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். புது டாக்டர் பழைய டாக்டரின் பெயரில் கையெழுத்திடுவார். மாலை எல்லோரும் போன பிறகு சர்வரை நிறுத்தித் தன்னைச் சேர்த்துக்கொள்ளலாம். குளியலறை அவருடையதாகவே இருக்கும். அவர் வளையலை மணிக்கட்டில் இப்படியும் அப்படியும் தள்ளினார். ஓர் அடி முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார்.

"முடியாது சார்."

"ஏன் முடியாது? சரியாத்தான் ஞாபகம் இருக்கு எனக்கு."

"டாக்டரம்மா பஸ்ல போயிட்டிருக்காங்க. அவங்க பாக்காத ரத்தத்துக்கு அவங்க பேர்ல எப்படி சார் ரிப்போர்ட் போகும்? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பீங்க?" வளையலை விட்டுக் கையை இறக்கினார். "சர்வரை நிறுத்தணும். நிறுத்தித்தான் இவருக்குத் திறக்க முடியும். தப்பு என்னுது. நேத்து என்னை நானே வெளியே தள்ளிட்டேன்."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கா? கம்பெனி ஆள் வர்ற நேரத்துலயா?"

"இன்னைக்குத்தான் சார்."

புது டாக்டர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "எனக்கும் என் பேர்லயே போட்டாதான் நல்லது" என்று மெதுவாகச் சொன்னார்.

சர்வரின் உறுமல் நின்றபோது கட்டடமே மூச்சை நிறுத்திக்கொண்டதுபோல் இருந்தது. கவுன்டரில் நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டேன். "என்னம்மா, கம்ப்யூட்டரும் பட்டினியா?" என்றார் ஓர் அம்மாள். பின்னால் ஒருவர், "எழுதற பேனாவாவது வேலை செய்யுதா?" என்றார். மாடியிலிருந்து யாரோ, "அக்கா, உள்ளே விட மாட்டேங்குது!" என்று கத்தினார்கள். அண்ணியின் அறையிலிருந்து பதில் வந்தது: "என்னையே விடல, பொறுங்க!"

அந்த நேரம் பார்த்துத்தான் கம்பெனி ஆள் படியேறி வந்தார். மேனேஜர் அவரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல் நோயாளிகளுக்கு நடுவில் உட்கார வைத்தார். என் பேனாவில் மை தீர்ந்துபோகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

பிறகு உறுமல் திரும்பியது. என் திரையில் பெயர் கேட்டது. அடித்தேன், உள்ளே விட்டது. புது டாக்டரின் பெயரில் முதல் ரிப்போர்ட் வெளியே வந்தபோது, ஆபரேஷன் நோயாளியின் கணவர் அச்சிட்ட சூட்டோடு அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கம்பெனி ஆள் அண்ணியின் அறைக்கு வந்து, நின்றபடியே முதல் கேள்வியைக் கேட்டார்.

"நிர்வாகிகள் எத்தனை பேர்?"

"நேத்து வரைக்கும் ஒருத்தி. இன்னைக்குக் காலையில யாருமே இல்ல. இப்ப ரெண்டு பேர்."

அவர் புருவத்தை உயர்த்தினார். அண்ணி ஒன்றையும் விடாமல் சொன்னார். என்ன அவசரம், எதைச் சொல்லாமல் விட்டார், யாரிடம் ஓடினார் என்பது வரை. மேனேஜர் கதவருகே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்ன யோசனையை மட்டும் அண்ணி சொல்லவில்லை.

"அந்த இன்னொருத்தர் யாரு?"

"ரத்தம் எடுக்கற தம்பி. காலையில எல்லாருக்கும் முன்னாடி வர்றது அவன்தான். நான் சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டரை அணைச்சதும் அவன் ஒருத்தன்தான்."

வந்தவர் சிரித்துவிட்டார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அன்று வெளியே போன ரிப்போர்ட்டுகளைக் காட்டச் சொன்னார். ஒவ்வொன்றிலும் யார் கையெழுத்து, எந்த நேரம், அந்த ஆள் அப்போது கட்டடத்தில் இருந்தாரா என்று மேனேஜரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். "இந்த மாதிரி இடங்கள்ல நான் மொதல்ல பாக்கறது இதைத்தான். லீவுல இருக்கற டாக்டர் பேர்ல ரிப்போர்ட் போயிருக்கும். பாதி இடத்துல போயிருக்கு" என்றார். மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி நெற்றியைத் துடைத்தார்.

மாலையில், கவுன்டரை நான் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேனேஜர் அண்ணியின் அறை வாசலுக்கு வந்தார். உள்ளே போகவில்லை.

"வயரு, மெஷினு, அதெல்லாம் அவங்க மாசத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துக்கட்டும். கணக்கெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். அண்ணி எழுந்து நின்றார். மேனேஜர் போகத் திரும்பியவர் நின்றார். "டாக்டரம்மா பாஸ்வேர்டை மாத்தச் சொல்லணும், இல்ல?"

"மாத்தச் சொல்லிட்டேன் சார். பேரன் பிறந்திருக்கானாம்."

அவர் போன பிறகு நான் பையைத் தோளில் மாட்டினேன். "வாங்க அண்ணி, போலாம். அதான் சொல்லிட்டாரே."

அண்ணி நகரவில்லை. அவர் முன்னால் நிர்வாகியாக நுழைந்த திரை திறந்திருந்தது. அதை மூடாமல், காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார்.

"இரு. அந்தப் பக்கம் அவன் நுழையட்டும். அதுக்கப்புறம் இதை மூடறேன்."

கொசு அண்ணன் அறையிலிருந்து கீபோர்டு சத்தம். பிறகு, "ச்சே." பிறகு மறுபடி சத்தம். "அக்கா, இந்தக் கறுப்புத் திரையில அடிக்கறது ஒண்ணுமே தெரியலக்கா, கீபோர்டு போயிடுச்சு!"

"தெரியாதுடா, அப்படித்தான். அடிச்சிட்டு என்டரைத் தட்டு."

அண்ணியின் விரல்கள் மேசை விளிம்பில் தட்டிக்கொண்டிருந்தன.

"விட்டுடுச்சுக்கா! உள்ளே வந்துட்டேன்!"

"குழு என்னன்னு கேட்டுப் பாரு. நிர்வாகின்னு சொல்லுதா?"

"சொல்லுதுக்கா. ஏன்க்கா, இனிமே என்னையும் யாரும் திட்ட மாட்டாங்கல்ல?"

"இனிமேதான் திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி தன் திரையை மூடினார்.